ரேடியோ லைசென்ஸைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் போயிருக்கும் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும்,

எங்கள் வீட்டுக்கு ரேடியோ கட்டணம் போடுங்கள், ரேடியோ பெட்டி வைத்திருக்க அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் கட்டிய லைசென்ஸ் பணத்தைப் போல. இப்படியொரு மனு உங்கள் கைக்கு இதுவரை வந்திருக்காது. வரியைக் குறை, கடனைத் தள்ளுபடி செய் என்றே கேட்டுப் பழகிய உங்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படலாம். என் மகனுக்கும் அப்படித்தான் படுகிறது. "ஒழிஞ்சுபோன லைசென்ஸ எதுக்குப்பா தோண்டி எடுக்குறீங்க?" என்கிறான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே நெல் போடுகிறவன். சென்ற ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. நட்டு இருபது நாள்கூட ஆகாத சம்பாப் பயிர் தண்ணீருக்குள் நின்றது. தோகை நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக்கிடந்ததால் நின்ற தண்ணீர் போக வழியில்லை. மின்சாரம் முதல் நாள் இரவே போய்விட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் போனும் செத்தது. சாயங்காலம் பரணிலிருந்து டிரான்சிஸ்டரை இறக்கி, புது பேட்டரி போட்டு, விவசாய நிகழ்ச்சி வருகிற நேரத்துக்கு எங்கள் வட்டார நிலையத்தைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு குரல் வந்தது. இந்தியில் ஏதோ பேச்சு, எங்கிருந்தோ அஞ்சல் (ரிலே) செய்கிறார்கள். அரை மணி நேரம் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். எங்கள் மாவட்டத்தின் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. மறுநாளும் அதே கதை.

நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது மிகச் சின்ன விஷயம். தண்ணீர் வடிந்ததும் மேலுரம் உடனே போடலாமா, நாலு நாள் பொறுக்க வேண்டுமா? யூரியாவை அப்படியே வீசலாமா? மின்சாரம் திரும்பி, வேளாண்மை அலுவலர் ஊருக்கு வந்து, "யூரியாவோட ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வச்சிருந்து போடுங்க" என்று சொன்னபோது கீழ்ப்பக்கத்து வயல் இரண்டும் அழுகி நாற்றமெடுத்துவிட்டன. அவர் மேல் குற்றமில்லை. ஒரு மனிதர் எத்தனை ஊருக்கு ஓடுவார்? இதே சேதியை ஒரு நிலையம் இரண்டு நிமிடத்தில் நாலு தாலுகாவுக்குச் சொல்லியிருக்க முடியும்.

நிலையத்துக்கு இரண்டு தபால் அட்டை போட்டேன். பதில் இல்லை. பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு மட்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. நேரிலேயே போனேன். ஸ்டுடியோ வாசலில் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, நிகழ்ச்சி பண்ண இங்க ரெண்டு பேர்தான் மிச்சம். மேலேருந்து ரிலே பண்ணுன்னா பண்ணணும். நீங்க எங்களுக்கு எழுதிப் பிரயோஜனம் இல்ல." அவருடைய வேலைக்கு வம்பு வரக்கூடாது என்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் சொன்னதன் பொருள் பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் எழுதிப் பயனில்லை, ஏனென்றால் அந்த நிலையத்துக்கு நான் யாரும் இல்லை. கேட்கிறவன், அவ்வளவுதான். படியளக்கிறவன் வேறு ஒருவன்.

ஒரு காலத்தில் நாங்கள் படியளந்தோம். என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது அவருடைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம். உள்ளங்கை அகலம், காலிக்கோ ஒட்டிய முதுகு. உள்ளே ஆண்டுக்கு ஒரு லைசென்ஸ் தலை (ஸ்டாம்பு). அதன்மேல் தபால்காரர் ஓங்கி அடித்த வட்ட முத்திரை. சில ஆண்டுகளில் முத்திரையின் மை பின்பக்கம்வரை ஊறியிருக்கிறது. எழுபதுகளில் ஆண்டுக்கு 15 ரூபாய். எங்கள் பக்கம் அது ஓர் ஆளின் மூன்று நாலு நாள் கூலி. மார்கழியில் அறுவடைக்கு முன் கையில் காசு புரளாத நேரம். அப்போதும் அப்பா எங்கேயாவது புரட்டி, சைக்கிளில் தபால் நிலையம் போய்க் கட்டிவிட்டு வருவார். வந்ததும் ரேடியோவுக்கு மேலே இருக்கும் உறையைத் தட்டி மறுபடி போடுவார், ஏதோ அதற்குச் சோறு போட்டுவிட்ட மாதிரி.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1933ஆம் ஆண்டின் வெள்ளைக்காரன் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் பெட்டி வைத்திருப்பதே குற்றம். 'செக்கிங்' வருகிறது என்று தெருமுனையில் குரல் கேட்டால் போதும். எதிர்வீட்டுப் பெரியப்பா ஒருமுறை தன் டிரான்சிஸ்டரைக் குதிருக்குள் நெல்லுக்கடியில் புதைத்துவிட்டார். சுனையும் உமித்தூசியும் ஸ்பீக்கருக்குள் போய், அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசித்தால்கூட ஜலதோஷம் பிடித்தவர் வாசிப்பதுபோல இருக்கும். இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று பெரியப்பா சிரிக்கவில்லை. பெட்டியையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். எண்பதுகளின் நடுவில் லைசென்ஸை எடுத்தபோது ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நானும்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று நாங்கள் கட்டிய பணம் நிலையத்துக்கு நேராகப் போகவில்லை. தபால் இலாகா வசூலித்தது, அரசாங்கக் கஜானா வாங்கிக்கொண்டது, ரேடியோ அரசாங்கத்தின் இன்னொரு இலாகாவாகவே இருந்தது. அவசரநிலைக் காலத்தில் அதில் என்ன வந்தது, என்ன வரவில்லை என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே பழையதை அப்படியே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை.

ஆனாலும் அந்த நாளில் ரேடியோ எங்களைப் பார்த்துப் பேசியது. அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல் வந்தபோது தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். விதை எங்கே கிடைக்கும், எப்போது நாற்று விடலாம், எவ்வளவு உரம் என்பதெல்லாம் திருச்சி வானொலி சொல்லித்தான் தெரிந்தது. ஒரு நெல்லுக்கு ரேடியோவின் பெயரை வைக்கிற அளவுக்கு நம்பிக்கை இருந்தது. பெட்டி வாங்க வசதியில்லாதவனுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது; சாயங்காலமானால் பூங்காவில் குழாய் ஒலிபெருக்கியின் கீழ் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று அந்த நெல்லும் இல்லை, அந்தப் பூங்காவும் இல்லை.

இப்போது யார் படியளக்கிறார்கள்? அரசு வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்துகிற நிறுவனம் பிரசார் பாரதி. 1990இல் அதற்கான சட்டம் நிறைவேறி, 1997இல் நடைமுறைக்கு வந்தது. பெயர் தன்னாட்சி. சம்பளம் மட்டும் ஒன்றிய அரசின் மானியத்தில். ஆண்டுக்கு இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அப்படிப் போகிறது. அதுவும் எங்கள் வரிப்பணம்தானே என்பீர்கள். ஆமாம், எங்கள் பணம்தான். ஆனால் அது அமைச்சகத்தின் கையால் போகிறது. வாங்குகிறவன் கொடுக்கிற கையைப் பார்ப்பானா, அதற்குப் பின்னால் நிற்கிற எங்களைப் பார்ப்பானா? எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதுதான் நடந்திருக்கிறது. விளம்பரத்தில் வருமானம் தேடச் சொன்னால், குருத்துப்பூச்சியைப் பற்றிய நிகழ்ச்சிக்கு எந்த நகைக்கடைக்காரன் விளம்பரம் தருவான்?

"கையில போன் இருக்கு, யூடியூப்ல இல்லாததா?" என்று என் மகன் கேட்டான். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். காவேரிக் கரை மண்ணுக்குச் சொல்கிற யோசனை, உப்புத்தண்ணீர் ஏறிய என் களர் மண்ணுக்கு ஆகாது. வாட்ஸாப்பில் வந்த மருந்துக் கலவையைத் தெளித்துப் பயிரைக் கருக்கிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். யாரைப் போய்க் கேட்பது? தனியார் எஃப்எம் இருக்கிறதே என்றால், அவர்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அரசே அனுமதிக்கவில்லை. அரசு வானொலியின் செய்தியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆக, ரேடியோவில் உள்ளூர்ச் செய்தி என்றால் எங்களுக்கு அரசு நிலையத்தை விட்டால் நாதியில்லை.

அதிலும் கடலோரத்துக்காரர்களைக் கேட்டுப்பாருங்கள். ஆறுகாட்டுத்துறையிலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ படகு கிளம்பினால் சில கடல் மைலுக்குள் போனில் கோபுரம் காட்டுவது நின்றுவிடும். எஃப்எம் அலை கண்ணுக்கெட்டிய தூரம்தான்; மத்திய அலை (மீடியம் வேவ்) கடல் தண்ணீர் மேல் வெகுதூரம் போகும். 2017 நவம்பரில் ஒக்கி அடித்தபோது குமரி மாவட்டத்து ஆட்கள் ஆழ்கடலில் சேதி தெரியாமல் மாட்டிக்கொண்டதை மறந்துவிட்டீர்களா? ஆனால் நாட்டில் ஒவ்வொன்றாக மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடிவிட்டு எஃப்எம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். பழைய டிரான்ஸ்மிட்டர் கரண்டு தின்கிறது, உதிரிபாகம் கிடைப்பதில்லை என்கிறார்கள். கணக்குப்படி சரி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியபோது எங்கள் தெருவில் நின்ற தென்னையை விரல்விட்டு எண்ணலாம். மின்சாரம் வர வாரக்கணக்காயிற்று. அப்போது எந்த முகாமில் அரிசி, எந்தச் சாலை திறந்தாயிற்று என்று எங்களுக்குச் சொன்னது இரண்டு பேட்டரியில் ஓடிய ஒரு பெட்டி. இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

வெளிநாட்டுக் கதைக்கு வருகிறேன். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை மகன் ஒவ்வொரு முறை பேசும்போதும் அங்கே பொது ரேடியோ, டிவிக்காக வாங்குகிற கட்டணத்தைத் திட்டுவான். அங்கே பெட்டி இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். "நான் பார்க்கிறதே இல்ல மாமா" என்பான். அதே மூச்சில், அந்தச் சேனல்காரர்கள் அமைச்சர்களையே குறுக்குக் கேள்வி கேட்டுத் திணறடிப்பதை ரசித்துச் சொல்வான். எவ்வளவு வேண்டும் என்பதை அரசாங்கத்துக்கு வெளியே இருக்கும் ஒரு நிபுணர் குழு கணக்குப் பார்த்துப் பரிந்துரைக்கிறது. உதவித்தொகையில் வாழ்கிற ஏழைக்கு விலக்கு உண்டு. இத்தாலியில் 2016 முதல் மின்கட்டணத்தோடு சேர்த்தே வாங்குகிறார்கள். வீட்டு வாசலுக்கு இன்ஸ்பெக்டர் வரவேண்டிய வேலையே இல்லை.

பிரித்தானியாவின் டிவி லைசென்ஸைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அதில் பாதி பிடிக்காது. 2025இல் ஆண்டுக்கு 174.50 பவுண்டு, ஏழைக்கும் அதே, கோடீஸ்வரனுக்கும் அதே. கட்டாவிட்டால் குற்ற வழக்கு. அப்படி வழக்குக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஏனென்றால் கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தாம். பெரியப்பாவின் குதிர்க் கதைதான் அங்கேயும். 75 வயதைக் கடந்தவர்களுக்கு இருந்த இலவசத்தையும் 2020 ஆகஸ்டில் எடுத்துவிட்டு, வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி பெறுகிறவர்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். பிரான்ஸ் 2022இல் கட்டணத்தையே தூக்கிவிட்டது. எடுத்த பிறகு அங்கே எழுந்த கேள்வி என்ன தெரியுமா? இனி ஆண்டுதோறும் அரசாங்கத்தின் கையை எதிர்பார்த்து நிற்கிற ஒலிபரப்பு எப்படிச் சுதந்திரமாகப் பேசும் என்பது. நாற்பது ஆண்டாக அந்தக் கேள்விக்குள்ளேதான் நாங்கள் குடியிருக்கிறோம்.

ஏற்கெனவே எங்கள் வீட்டில் கேபிளுக்கு மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் போகிறது. அதில் நாங்கள் பார்ப்பது பத்து சேனல் இருக்கும். மற்றதெல்லாம் மொழி தெரியாத பாட்டும் மாமியார் சண்டையும். போன் ரீசார்ஜ் தனி. இவ்வளவையும் முணுமுணுக்காமல் கட்டுகிற வீடுகள், தன் ஊர்ப் பெயரைச் சொல்கிற ஒரு நிலையத்துக்கு மாதம் பத்து ரூபாய் கொடுக்காதா? ஒரு லட்சம் வீடு கட்டினாலே ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம். இதில் பெரிய மாளிகை எழும்பாது. ஆனால் நிகழ்ச்சி தயாரிக்க நாலு உள்ளூர்ப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைக்கலாம்; வயலுக்குப் போக ஒரு வண்டி, மழைக்காலத்தில் ஜெனரேட்டருக்கு டீசல். அந்த வாசல்காரர் சொன்ன குறையும் ஆள் இல்லை என்பதுதான்.

பணத்தைவிட எனக்கு முக்கியம் ரசீது. ரசீது கையில் இருந்தால் அடுத்த முறை அந்த வாசலில் நான் 'ஐயா, தயவுசெய்து' என்று நிற்க மாட்டேன்.

சட்டத்தில் இல்லாததை நான் கேட்கவில்லை. பிரசார் பாரதிச் சட்டத்தின் 12ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். விவசாயம், கிராம முன்னேற்றம், சுகாதாரம் இவற்றுக்குத் தனிக் கவனம் என்று எழுதியிருக்கிறது. அந்தந்த வட்டாரத்தின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் நிகழ்ச்சிகளில் போதிய இடம் என்றும் எழுதியிருக்கிறது. 13ஆவது பிரிவு உங்களைப் பற்றியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 22 பேர் கொண்ட குழு, மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7, இந்த நிறுவனம் தன் வேலையைச் செய்கிறதா என்று கண்காணிக்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு தாண்டியும் அந்தக் குழு அமைக்கப்படவில்லை. உங்களுடைய நாற்காலி அது. ஏன் இன்னும் போடவில்லை என்று உங்களில் யாரும் கேட்கவில்லையா? வான் அலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று. பொதுச்சொத்தைப் பார்த்துக்கொள்ள நாங்கள் அனுப்பியது உங்களைத்தான்.

ஆகவே வரும் கூட்டத்தொடரிலேயே 13ஆவது பிரிவின்படியான குழுவை அமைக்கச் சொல்லி, கட்சி பார்க்காமல் 57 பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். இந்தக் கையெழுத்துக்குச் செலவு ஒன்றுமில்லை.

கேள்வி நேரத்தில் கேளுங்கள்: தமிழ்நாட்டில் ஒவ்வொரு வானொலி நிலையமும் நாளுக்கு எத்தனை மணி நேரம் சொந்த நிகழ்ச்சி தருகிறது, எத்தனை மணி நேரம் அஞ்சல், நிகழ்ச்சிப் பிரிவில் எத்தனை பணியிடம் காலி, எந்த மத்திய அலை ஒலிபரப்பியை எப்போது மூடுவதாக உத்தேசம். பதிலை நிலையவாரியாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் மழுப்புவார்கள். புயல் பாதையில் இருக்கிற கடலோர மாவட்டங்களில், கடலுக்குள் சேதி போக மாற்று வழி கண்ணால் பார்க்கும்படி வந்து சேரும்வரை ஓர் ஒலிபரப்பியைக்கூட மூட விடாதீர்கள்.

கட்டணத்தை முதலில் டெல்டா மாவட்டங்களில் மட்டும் சோதித்துப் பாருங்கள். உங்களில் ஒருவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தால்கூடப் போதும். வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய், மின்கட்டணத்தோடு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடுகிற வீட்டுக்கு ஒரு காசும் கூடாது. எங்கள் ஊரில் நிஜமான ஏழையைப் பிரித்துக்காட்ட அதைவிட எளிய கோடு எனக்குத் தெரியவில்லை. மின்வாரியம் மாநிலத்துடையது, வானொலி ஒன்றியத்துடையது, சிக்கல் வரும் என்பதும் தெரியும். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர்கள் என்றுதானே ஓட்டுக் கேட்டீர்கள்? கட்டாதவன்மேல் வழக்கு, அபராதம், பெட்டிப் பறிமுதல் எதுவும் கூடாது. வசூலாகிற பணம் தில்லிக் கஜானாவுக்குப் போகக் கூடாது. அந்தந்த வட்டார நிலையத்தின் பெயரில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை அதே வானொலியில் வாசிக்க வேண்டும். என்ன நிகழ்ச்சி, எந்த நேரம் என்று சொல்ல விவசாயி, மீனவர், உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள், பள்ளி ஆசிரியர் என்று நேயர்களிலிருந்து ஒரு மன்றம் வேண்டும். அதில் கட்சிக்காரருக்கு இடம் வேண்டாம். இதைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

என் தொகுதி உறுப்பினருக்கு மட்டும் தனியாக ஒன்று. அடுத்த முறை ஊருக்கு வரும்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டுகிறேன். கடைசித் தலைக்குப் பிறகு நாலு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி நேரமாகப் பார்த்து வந்தால், டிரான்சிஸ்டரையும் திருப்பிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டாரம்.